ஜவ்வாது மலைக் கடுக்காய்

தை பிறந்து பத்துப் பதினைந்து நாள் போனால் ஜவ்வாது மலையிலிருந்து கடுக்காய் மூட்டைகள் இறங்கத் தொடங்கும். மாசி முடியும் வரை வந்துகொண்டே இருக்கும். வேலூர் லாங்கு பஜாரில் எங்கள் தாத்தா நாட்டு மருந்துக் கடை போட்ட காலத்தில் அவை போளூர் வழியாக மாட்டு வண்டியில் வந்தன. அப்பா காலத்தில் லாரி. இப்போது மினி வேன். வண்டிதான் மாறியிருக்கிறது, மூட்டையைப் பிரித்ததும் செய்யும் முதல் வேலை மாறவில்லை. சாக்கை விரித்துக் கொட்டி, காயைப் பொறுக்குவோம். மஞ்சள் பாய்ந்து, கனமாக, வண்டு துளைக்காமல் இருப்பது ஒரு பக்கம். கறுத்தது, உடைந்தது, சுருங்கிச் சாவியானது இன்னொரு பக்கம். முதல் குவியல் கடையில் தங்கும். இரண்டாம் குவியல் ஆம்பூருக்கும் பேரணாம்பட்டுக்கும் ராணிப்பேட்டைக்கும் தோல் பதனிட ஏறிப் போனது.

ஒரே மரத்துக் காயில் ஒரு பங்கு வயதானவர்களின் வயிற்றுக்கு, மறு பங்கு மாட்டுத் தோலுக்கு. மலைக்கும் தோல் பதனிடும் டேனரிக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும் ஊர் என்பதால் எங்களுக்கு இது கண் முன்னால் நடந்த சங்கதி. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் கடுக்காயின் கதை முழுமையாகும் என்று நான் நம்புகிறேன். முதுமையைத் தள்ளிப்போடும் அற்புதக் கனி என்று இன்று பொட்டலத்தின் மேல் அச்சடிப்பவர்கள் அந்தக் கதையில் பாதியைக்கூடச் சொல்வதில்லை.

நல்ல கடுக்காய் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். இரு முனையும் கூம்பியிருக்கும். நீளவாக்கில் ஐந்து வரம்புகள் ஓடும். தண்ணீரில் போட்டால் அடியில் போய் உட்கார வேண்டும். மிதந்தால் உள்ளே சதை இல்லை. அம்மியில் வைத்துக் குழவியால் ஒரு தட்டு தட்டினால் சதை பிளந்து கொட்டை தனியே வரும். கொட்டையை எறிந்துவிட வேண்டும். சுக்கென்றால் மேல்தோல் ஆகாது, கடுக்காயென்றால் உள்கொட்டை ஆகாது என்பது எங்கள் தொழிலில் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரும் முதல் பாடம். சதையில் ஒரு சில்லை வாயில் அடக்கிக்கொண்டால் நாக்கு சுருங்கும், கன்னத்தின் உட்புறம் பிடித்து இழுக்கும். பிறகு கசப்பு, கொஞ்சம் புளிப்பு, ஒரு காறல். மேலே ஒரு வாய் தண்ணீர் குடித்தால் மெல்ல இனிப்பு எழும். அறுசுவையில் உப்பு நீங்கலாக ஐந்தும் இதற்கு உண்டு என்று வைத்திய நூல்கள் சொல்வதை நம் நாக்கே ஒப்புக்கொள்ளும். ஆனால் ஐந்திலும் ஆட்சி செய்வது துவர்ப்பு. டேனரிக்காரர்களுக்கு வேண்டியதும் அந்தத் துவர்ப்புதான்.

மருந்தாக இதன் வயது மிகப் பெரியது. புத்த சங்கத்தின் ஒழுக்க நூலான விநயத்தில், துறவிகள் மருந்துக்காகக் கையில் வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதிக்கப்பட்ட காய்களில் கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய் மூன்றும் வருகின்றன. திரிபலா என்று நாம் சேர்த்து இடிக்கும் அதே மூன்று. ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதையில் சிகிச்சைப் பகுதியைத் திறந்தால் முதலில் நிற்பது நோய்க்கான மருந்து அல்ல. உடம்பு தளராமல் காக்கும் ரசாயனம் பற்றிய அத்தியாயம். அதன் முதல் பிரிவுக்குப் பெயரே கடுக்காயையும் நெல்லிக்காயையும் வைத்து அமைந்தது. திபெத்தில் வரையப்படும் மருத்துவப் புத்தரின் வலக்கையில் ஒரு கொம்பும் காயும் இருக்கும். அதுவும் கடுக்காய்தான்.

தமிழில் நீண்ட ஆயுள் என்றதும் நினைவுக்கு வரும் காய் நெல்லி. தகடூர் அதியமான் அரிதில் கிடைத்த நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஒளவைக்குக் கொடுத்த செய்தி புறநானூற்றில் இருக்கிறது. அந்த அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயரைத் தாங்கிய கல்வெட்டு திருக்கோவிலூருக்குப் பக்கத்தில் ஜம்பையில் 1981இல் கிடைத்தது. தகடூர் என்ற இன்றைய தர்மபுரி, ஜம்பை, இரண்டுக்கும் வடக்கே எங்கள் ஜவ்வாது மலை என்று வரைபடத்தில் பார்க்கும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கும். அரசன் கொடுக்கத் தகுந்த காய் நெல்லி என்றால், குடியானவன் வீட்டுக் காய் கடுக்காய். பிறந்த குழந்தைக்கு உரைகல்லில் இழைத்துக் கொடுக்கும் உரைமருந்தில் வசம்பு, மாசிக்காய், ஜாதிக்காயோடு அதுவும் இருந்தது. பல் தேய்க்க, வாய்ப்புண்ணுக்குக் கொப்பளிக்க, மலச்சிக்கலுக்கு, புண் கழுவ என்று வீட்டில் ஒரு மாடத்தில் எப்போதும் கிடக்கும். சித்த வைத்தியம் இதைக் காயகற்பத்தின் வரிசையில் வைத்தது. காலையில் இஞ்சி, நடுப்பகலில் சுக்கு, மாலையில் கடுக்காய் என்று ஒரு மண்டலம், அதாவது 48 நாள், உண்ணும் முறையைத் திருமூலர் பெயரோடு சேர்த்து இன்றும் எல்லோரும் சொல்கிறார்கள்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது வேறு ஒரு நுணுக்கம். பாவபிரகாசம் என்ற நூலில் கடுக்காய்க்குப் பருவத்துக்கு ஒரு துணை சொல்லியிருக்கிறது. மழைக்காலத்தில் இந்துப்பு, அடுத்து வரும் தெளிந்த காலத்தில் சர்க்கரை, முன்பனியில் சுக்கு, பின்பனியில் திப்பிலி, இளவேனிலில் தேன், முதுவேனிலில் வெல்லம். சமைக்கும் விதத்துக்கும் கணக்கு உண்டு. மென்று தின்றால் பசியைத் தூண்டும், பொடித்தால் வயிற்றை இளக்கும், வேகவைத்தால் கட்டும், வறுத்தால் மூன்று தோஷத்தையும் சமன் செய்யும். அதை எழுதி வைத்தவர்கள் ஒரு பொருளை எத்தனை பொறுமையாகக் கவனித்திருக்க வேண்டும்! இன்ன காயை விழுங்கு, இளமை திரும்பும் என்ற பேச்சே அதில் இல்லை. எந்த மாதம், எந்த உணவோடு, எப்படிப் பக்குவம் செய்து என்ற கேள்விகள்தான் முன்னே நிற்கின்றன.

கடல் கடந்தும் போயிருக்கிறது இந்தக் காய். சீனாவின் குவாங்சௌ நகரத்தில் குவாங்சியாவ் என்றொரு பழைய புத்தர் கோயில் இருக்கிறது. மூன்றாம் நூற்றாண்டில் அரசனின் கோபத்துக்கு ஆளாகித் தெற்கே அனுப்பப்பட்ட யூ ஃபான் என்ற அறிஞர் அங்கே கடுக்காய் மரங்களை நட்டார். அந்த இடத்துக்குக் கடுக்காய்த் தோப்பு என்ற பெயரே நிலைத்தது. தாங் பேரரசின் காலத்தில், கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய் மூன்றையும் வைத்துச் செய்த ஒரு பானம் தலைநகரில் பேர்போனது. செய்முறை பாரசீகத்திலிருந்து வந்தது என்று ஒன்பதாம் நூற்றாண்டில் லீ ஜாவ் எழுதி வைத்திருக்கிறார். நம் திரிபலா பாரசீகர் கை மாறிச் சீனர் கோப்பைக்குப் போயிருக்கிறது.

ஜப்பானில் நாரா நகரத்துச் செய்தி இன்னும் நெருக்கமானது. 756இல் பேரரசர் ஷோமு இறந்தபோது, அரசி கோம்யோ அவருடைய பொருள்களைத் தோதாய்ஜி கோயிலின் பெரிய புத்தருக்குக் காணிக்கையாக்கினார். அவற்றோடு 60 வகை மருந்துச் சரக்குகளும் சேர்ந்தன. அவை வைக்கப்பட்ட ஷோசோயின் என்ற மரக் களஞ்சியத்தின் மருந்துப் பட்டியலில் கடுக்காய் இருக்கிறது. நோயுற்றோருக்குத் தேவைப்பட்டால் எடுத்துக் கொடுக்கலாம் என்று அரசி எழுதிக் கொடுத்தார். அதாவது அது ஒரு நாட்டு மருந்துக் கடையாகவும் இருந்திருக்கிறது. இன்றும் ஜப்பானியத் தேநீர் அறைகளில் புத்தாண்டுக்குக் கடுக்காயின் பெயரைத் தாங்கிய பட்டுப் பை ஒன்றை மங்கலத்துக்காகத் தொங்கவிடுகிறார்கள்.

மேற்கே அரபு வைத்தியர்கள் இதைக் கறுப்பு, மஞ்சள், காபூல் என்று தரம் பிரித்துத் தங்கள் நூல்களில் எழுதினார்கள். அவர்கள் வழியாக ஐரோப்பிய மருந்துக் கடைகளுக்குப் போனது. 1563இல் கோவாவில் அச்சேறிய கார்சியா த ஓர்தாவின் நூலில் இந்தக் காய்களுக்கென்றே ஓர் உரையாடல் இருக்கிறது. இவ்வளவு தூரம் போன காயை எங்கள் கடைக்கு இன்று தேடி வருகிறவர்களில் வங்காளிகள் அதிகம். எங்கள் ஊர்ப் பெரிய மருத்துவமனைக்குக் கொல்கத்தா பக்கமிருந்து நோயாளிகள் வந்து வாரக்கணக்கில் தங்குவார்கள். கூட வந்த முதியவர்கள் சாயங்காலம் கடைத்தெருவில் நடந்து வந்து, கண்ணாடிப் பெட்டியைப் பார்த்து, “ஹொரிதகி?” என்பார்கள். எடுத்துக் கொடுத்தால் பத்து விரலாலும் வாங்கி, ஒரு சில்லை அங்கேயே வாயில் போட்டுக்கொள்வார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு மெல்ல அவர்களுக்கு அது வெற்றிலை பாக்குக்குச் சமம்.

தாத்தாவிடம் கடுக்காய் கேட்டு வந்தவர்களுக்கு உடனே கிடைத்துவிடாது. ஸ்டூலைக் காட்டி உட்காரச் சொல்வார். “ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிடறீங்க?” என்பதுதான் முதல் கேள்வி. அடுத்து, “பசிச்சுச் சாப்பிடறீங்களா, மணி பார்த்துச் சாப்பிடறீங்களா?” பகலில் தூங்குகிற வழக்கம் உண்டா, காலையில் வயிறு சுத்தமாகிறதா, எந்த அரிசி, கீரை வாரத்தில் எத்தனை நாள், என்ன வேலை என்று விசாரிப்பார். வந்தவர் மண்டியில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிறவர் என்றால், “பெரியவரே, கோட்டையை ஒரு சுத்து சுத்திட்டு வந்து அப்புறம் வாங்கிக்குங்க” என்று சொல்லிவிடுவார். வேலூர்க் கோட்டை அகழியைச் சுற்றி நடக்கிற வழக்கத்தை அவர் பேச்சைக் கேட்டு ஆரம்பித்தவர்கள் பஜாரில் பல பேர்.

கடைசியில் கொடுப்பது ஒரு வாரத்துக்குச் சின்னக் காகிதப் பொட்டலம். கழுநீரில் ஊறவைத்து, கொட்டை நீக்கி, நிழலில் உலர்த்தி இடித்த பொடி. பொழுது சாயும் முன் ராத்திரி சாப்பாட்டை முடித்துவிட வேண்டும். படுக்கும் முன் வெந்நீரில் கால் ஸ்பூன். அந்த வாரத்தில் புளியும் எண்ணெய்ப் பலகாரமும் குறைக்க வேண்டும். வாரம் முடிந்து திரும்பி வந்தால் மறு பொட்டலம். பத்தியத்தைக் கேட்டு முகம் சுளித்தவர்களுக்கு மறு பொட்டலம் கிடையாது. வேறு கடைக்குப் போகலாம்.

அது வியாபாரப் பிடிவாதம் இல்லை என்பது எனக்கு நாளாக ஆகத்தான் விளங்கியது. கடுக்காய் ஓர் ஆணி. அந்த ஆணியில் அவர் மாட்டியது ஒரு நாளின் ஒழுங்கு முழுவதையும். மாலைக் கடுக்காய்க்காக ராத்திரிச் சாப்பாடு முன்னதாக நகர்ந்தது. சாப்பாடு முன்னதாக முடிந்ததால் தூக்கம் சீக்கிரம் வந்தது. காலையில் வயிறு ஒழிந்ததால் பசி நேரத்துக்கு எடுத்தது. திருக்குறளில் மருந்து என்ற 95ஆம் அதிகாரத்தைப் படித்தவர்களுக்குத் தெரியும், அங்கே ஒரு பச்சிலையின் பெயர்கூடக் கிடையாது. முன் உண்டது செரித்ததா, இப்போது பசிக்கிறதா, அளவு தெரிகிறதா என்பதைத்தான் வள்ளுவர் திரும்பத் திரும்பக் கேட்கிறார். தாத்தாவின் கேள்விகளும் அதே இடத்திலிருந்து வந்தவை. உடம்பு முதுமையில் முதலில் தளர்வது செரிமானத்திலும் கழிவிலும்தான் என்பது தாத்தா போன்றவர்கள் அனுபவத்தில் கண்டறிந்தது.

நம் முன்னோர் எல்லோரும் நூறு வயது வாழ்ந்தார்கள் என்ற பேச்சில் எனக்கு உடன்பாடு இல்லை. 1951இல் இந்தியாவில் பிறந்த குழந்தையின் சராசரி ஆயுள் சுமார் 32 ஆண்டு. பிரசவத்திலும் அம்மையிலும் காலராவிலும் செத்தவர்களை விட்டுவிட்டு, பிழைத்துத் தொண்ணூறு தொட்ட நாலு பேரை மட்டும் எண்ணக் கூடாது. தடுப்பூசியும் நல்ல தண்ணீரும் காசநோய் மருந்தும் செய்ததைக் கடுக்காய் ஒருநாளும் செய்யவில்லை. ஆனால் அந்த ஆபத்துகளையெல்லாம் தாண்டி அறுபதைத் தொட்டவர்கள் எப்படி முதுமையைக் கழித்தார்கள் என்பது வேறு கேள்வி. அதற்குப் பெரிய பதில் கேழ்வரகுக் கூழிலும் சாமைச் சோற்றிலும் கீரையிலும் நடையிலும் முன்னிரவுச் சாப்பாட்டிலும் இருந்தது. கடுக்காய் அந்தப் பதிலின் ஒரு சொல்.

இனி அந்த இரண்டாம் குவியலுக்கு வருகிறேன்.

கடுக்காயில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு துவர்ப்புச் சத்து உண்டு. டானின் என்கிறார்கள். நம் கன்னத்தைப் பிடித்து இழுப்பது அதுதான். எச்சிலில் உள்ள புரதத்தோடு சேர்ந்து அதை இறுக்குகிறது. பச்சைத் தோலில் உள்ள கொலாஜன் புரதத்தையும் அது அவ்வாறே கெட்டியாகப் பற்றிக்கொள்ளும். பற்றிக்கொண்டால் தோல் அழுகாது, நீரில் ஊறினாலும் கெடாது. வாயில் நடப்பதும் தொட்டியில் நடப்பதும் ஒரே வேலை என்று ஒரு டேனரி பாய் சின்ன வயதில் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். ஒரு காய்ச் சில்லை என் வாயில் போட்டுவிட்டு, கையில் இருந்த தோல் துண்டைக் காட்டி, “இப்ப உன் நாக்கு எப்படி இருக்கு? அதேதான் தம்பி இது” என்றார்.

பாலாற்றங்கரை டேனரிகளின் பழைய முறை இது. தோலைச் சுண்ணாம்புக் குழியில் ஊறவைத்து மயிரும் சதையும் வழித்தெடுப்பார்கள். பிறகு ஆவாரம்பட்டை ஊறிய தொட்டியில் நாள் கணக்கில் மாற்றி மாற்றிப் போடுவார்கள். ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலுக்கு ஒரு குறை உண்டு: வெயில் பட்டால் சிவந்துபோகும். அதைத் தடுக்கத்தான் கடைசியில் கடுக்காய்த் தொட்டி. கடுக்காய் நீரில் கிடந்து எழுந்த தோல் வெளிறிய மஞ்சளாக, மேலே மெல்லிய பூப்பு படிந்து வரும். பிறகு எண்ணெய் பூசிக் காயவைத்தால் சரக்கு தயார். ஆவாரையிலும் பாருங்கள், பூ எங்கள் கடைக்கு, பட்டை டேனரிக்கு. சர்க்கரை நோய்க்காரர்கள் ஆவாரம்பூ வாங்கிப் போவார்கள். அதே செடியின் பட்டையை வண்டி வண்டியாகத் தோலுக்கு உரித்தார்கள்.

சென்னைத் துறைமுகத்திலிருந்து இந்த அரைப் பதனிட்ட தோல் லண்டன் சந்தைக்குப் போனது. கடுக்காயும் காயாகவே கப்பலேறியது. அதற்குப் பம்பாய் பெரிய துறைமுகம். ஜபல்பூர்ச் சரக்கு, பீமுனிப்பட்டினத்துச் சரக்கு, வெங்குர்லா சரக்கு, மெட்ராஸ் சரக்கு என்று ஊர் வாரியாகத் தரம் பிரித்து ஐரோப்பியத் தோல் ஆலைகள் வாங்கின. ஜார்ஜ் வாட் 1889இலிருந்து 1893 வரை வெளியிட்ட இந்தியப் பொருளாதார விளைபொருள் அகராதியில் கடுக்காய்க்கு நீண்ட பதிவு உண்டு. முதல் உலகப் போர் வந்தபோது சிப்பாய்களின் பூட்சுக்கு மேல்தோலாக மெட்ராஸ் தோல் தேவைப்பட்டது. அரசே கொள்முதல் செய்தது. எங்கள் பக்கத்து டேனரிகள் பெருகியது அந்தச் சூட்டில்தான். துறவியின் பையில் ஏதோ சில காயாக இருந்த பொருள், போருக்காக டன் கணக்கில் குழியில் கொட்டப்பட்டது.

மருந்துக்கும் டேனரிக்கும் அளவு ஒரு நாளும் ஈடாகவில்லை. ஒரு மூட்டையில் எங்களுக்குத் தேவைப்பட்டது சில படி, மீதியெல்லாம் தோலுக்கு. மலையில் காய்க்கு விலை வைத்தது டேனரிதான், வைத்தியன் அல்ல. கசக்கும் உண்மை இது. காயகற்பம் என்று நாம் போற்றிய காய் பெருமளவில் பூட்சு தைக்கத்தான் பயன்பட்டது.

1948இல் சென்னை அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் வந்தது. அதற்கு முன்பே குரோமிய உப்பு வைத்துப் பதனிடும் முறை இங்கே நுழைந்திருந்தது. பட்டைக்கும் கடுக்காய்க்கும் வாரக்கணக்கில் ஆகும் வேலையைக் குரோமியம் ஓரிரு நாளில் முடித்துவிடும். 1970களின் தொடக்கத்தில் அரைப் பதனிட்ட தோல் ஏற்றுமதிக்கு மத்திய அரசு கட்டுப்பாடு கொண்டுவந்து, தோலை முடித்துச் செருப்பாகவும் கோட்டாகவும் அனுப்பச் சொன்னது. அதற்குப் பிறகு கடுக்காய்த் தொட்டிகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. கழிவு நீர் பாலாற்றில் கலந்து கிணறுகள் கெட்டன. வேலூர்க் குடிமக்கள் நலப் பேரவை தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பை நாடு முழுக்கச் சட்டக் கல்லூரிகளில் படிக்கிறார்கள். பழைய முறை தூய்மையானது என்று சொல்ல மாட்டேன். தோலுக்குப் போட்ட உப்பும் சுண்ணாம்பும் அப்போதும் ஆற்றில்தான் இறங்கின. ஆனாலும் குரோமியத்தின் வேகமும் அளவும் வேறு. ஆற்றங்கரைக் கிராமத்துப் பெரியவர்கள் கடைக்கு வந்து வயிறு சரியில்லை என்று சொன்ன ஆண்டுகளில், எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று கேட்பது எங்களுக்கு வழக்கமாயிற்று. தண்ணீர் கெட்ட ஊரில் முதுமைக்கு எந்தக் காயும் துணை நிற்காது.

காயைப் பொறுக்கியவர்கள் யார்? ஜவ்வாது மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள். காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலையேறியவர்கள் நாங்கள் என்று தங்கள் வழி சொல்வார்கள். சாமையும் கேழ்வரகும் விதைத்து, அறுவடை முடிந்த கையோடு தையில் காட்டுக்குள் கடுக்காய்க்குப் போவார்கள். பெரும்பாலும் பெண்கள். விடியலில் மரத்தடியைக் கூட்டிவிட்டு, உதிர்ந்த காயை அன்றன்றே எடுத்துவிட வேண்டும்; ஓர் இரவு பனியில் கிடந்தால் காய் கறுக்கும். கறுத்தால் இரண்டாம் குவியல். பாறை மேல் பரப்பிக் கல்லாக இறுகும் வரை காயவைப்பார்கள். அந்தக் கைகள்தான் எங்கள் கடையின் தரத்தை நிர்ணயித்தன.

1882இல் மெட்ராஸ் வனச் சட்டம் வந்த பிறகு அந்த மரங்கள் அரசின் காப்புக் காட்டு மரங்களாயின. கடுக்காய் பொறுக்கும் உரிமையை ஏலம் விட்டார்கள். ஏலம் எடுத்தவர் சமவெளிக் குத்தகைதாரர். தலைமுறை தலைமுறையாகத் தாங்கள் கூட்டிய மரத்தடியில் பொறுக்கியதற்கு, அந்தப் பெண்களுக்கு அவர் கொடுத்ததுதான் கூலி. உப்பும் புகையிலையும் முன்பணமாக வாங்கிக் காயில் கழித்த குடும்பங்களைத் தாத்தா அறிவார். பிறகு மலைவாழ் மக்களுக்கென்று லேம்ப் எனப்படும் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் வந்தன. ஓரளவு விலை நிமிர்ந்தது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் சிறு வன விளைபொருள்களின் உடைமை உரிமையைக் காட்டில் வாழ்பவர்களுக்கே தந்தது. குறைந்தபட்ச ஆதரவு விலைப் பட்டியலிலும் கடுக்காய் சேர்ந்தது. சட்டத்தில் உள்ளது சந்தையில் முழுதாக இறங்கவில்லை என்பதை ஒவ்வொரு தையிலும் பார்க்கிறேன். நகரத்தில் கடுக்காய்ப் பொடிக்குக் கொடுக்கும் விலையில் மலைக்கு ஏறுவது மிகச் சிறிது. நீண்ட ஆயுளுக்கு நாம் உண்ணும் காயைப் பொறுக்குகிறவள் கூன் விழும் வரை பொறுக்கிக்கொண்டிருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. எங்கள் கடை இடைத்தரகர் கையில் வாங்குவதை அப்பா நிறுத்தினார். நான் நேராகச் சங்கத்தில்தான் எடுக்கிறேன்.

காட்டை முன்பே எடுத்துக்கொண்ட அரசின் கண்ணில் நாட்டு வைத்தியம் பட்டது 1921இல், முகமது உஸ்மான் தலைமையில் மெட்ராஸ் அரசு அமைத்த குழுவால். அதன் பரிந்துரையில் 1925இல் சென்னையில் இந்திய மருத்துவப் பள்ளி தொடங்கியது. சித்தமும் ஆயுர்வேதமும் யுனானியும் ஒரே கூரையின் கீழ் வந்தன. 1964இல் பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி. 2005இல் தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம். படித்த சித்த மருத்துவர்கள் வந்தது நல்லது. நாடி பார்த்து, இரத்தச் சர்க்கரை அளந்து, இவருக்குக் கடுக்காய் ஆகும், இவருக்கு ஆகாது என்று சொல்ல இப்போது ஆள் இருக்கிறார். கர்ப்பிணிகளுக்கும், வயிற்றோட்டத்தில் நீர்ச்சத்து வற்றியவர்களுக்கும், உடம்பு மெலிந்து உலர்ந்தவர்களுக்கும் இது ஆகாது. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் ஒரு மண்டலம் தொடரக் கூடாது. கடைக்காரன் சொல்லும் அறிவுரைக்கு எல்லை உண்டு. அந்த எல்லையை நான் மதிக்கிறேன்.

டேனரிக்கு இன்று எங்கள் வழியாகப் போகும் கடுக்காய் மிகக் குறைவு. கலம்காரிக்காரர்கள் துணியைக் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் தோய்த்தெடுக்க வாங்குகிறார்கள். பழைய வீடுகளைப் புதுப்பிக்கிறவர்கள் சுண்ணாம்புக் காரைக்குக் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் கலக்க வாங்குகிறார்கள். ஆனால் பெரும்பங்கு இப்போது பொடியாக, மாத்திரையாக, பிளாஸ்டிக் டப்பாவில் போகிறது. நூறாண்டு பூட்சுக்குப் போனது திரும்ப மருந்துக்கு வந்திருப்பதில் எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சி. ஆனால் டப்பாவில் ஸ்டூலும் கேள்விகளும் இல்லை. ராத்திரி பதினோரு மணிக்குப் புரோட்டா சாப்பிட்டுவிட்டு மேலே ஒரு கடுக்காய் மாத்திரை போடுகிறவர் வயிற்றில் அது மலமிளக்கியாக மட்டும் வேலை செய்யும். அதற்குமேல் எதிர்பார்க்க நம் நூல்களே இடம் தரவில்லை.

ஆகவே பொடி கேட்டு வருகிறவர்களிடம் காயாக வாங்குங்கள் என்கிறேன். பொடியில் கொட்டை கலந்ததா, பூசணம் பிடித்த காயை இடித்ததா என்று கண்ணுக்குத் தெரியாது. காய் பொய் சொல்லாது. நாலு காயை வாங்கி ஒரு குவளைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். மூழ்குவதை மட்டும் எடுத்து உடைத்து, கொட்டையை எறிந்து, சதையை நிழலில் உலர்த்தி இடித்துக்கொள்ளுங்கள். இடிக்கிற வேலையை வீட்டில் வயதானவரிடமே கொடுங்கள். கைக்கும் தோளுக்கும் நல்லது. ராத்திரிச் சாப்பாடு எத்தனை மணிக்கு என்பதை மட்டும் நான் இன்னும் கேட்காமல் விடுவதில்லை.